மூன்றாம் பாகத்தில் என்ன குறை

மயில்சாமி அண்ணனை நான் முதலில் பார்த்தபோது, எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறார் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டல்லஸ் பக்கம் இர்விங்குக்கு வேலைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் தபால் பெட்டிகள் இருக்கும் பக்கம் போனேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர், அரை டவுசரும் கம்பெனி டீ-ஷர்ட்டுமாக, கையில் போனோடு நின்றிருந்தார். கோல்ஃப் வண்டியில் வந்த செக்யூரிட்டி எங்களைக் கடந்து வளைவில் திரும்பியதும் போனை ஒரு தட்டு தட்டினார்.

“ஏழு நிமிஷம் பத்து செகண்ட்,” என்றார், நான் கேட்டது மாதிரி. “எல்லா ரவுண்டும் இதேதான். குப்பைத்தொட்டிப் பக்கம் மட்டும் தலையத் திருப்பறதே இல்ல.”

“ஏதாச்சும் திருட்டுப் போயிருச்சுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன். நீங்க எந்த ஊருங்க?”

பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஊரைக் கேட்டார். தாராபுரம் பக்கம் என்றேன். அவருக்கு உடுமலை. ஒரே பஸ்ஸில் போகிற தூரம். அன்றைக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். பச்சைப்பயறு கடைந்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அங்கே சாப்பிட்டேன்.

அண்ணன் பக்கத்தில் லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தார். அமெரிக்காவுக்கு வந்து பதினொரு வருஷம். க்ரீன் கார்டு வரிசையில் நிற்பவர். மனைவி சாந்தி அக்கா பக்கத்து டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அக்காவுடைய வேலை அனுமதி அண்ணனுடைய விசாவைத் தொற்றிக்கொண்டு வந்தது. அது போனால் இதுவும் போகும். மகள் வெண்பா இங்கேயே பிறந்தவள், நாலாவது படித்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

அந்த வீட்டு டீவியில் சீரியல் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடியதெல்லாம் கிரேலாட்ச் என்ற கேம். நாலு பாகம் வந்திருக்கிறது. சண்டை போட்டு ஜெயிக்கிற விளையாட்டு இல்லை அது. ஒரு கட்டடத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் போக வேண்டும், எடுக்க வேண்டியதை எடுக்க வேண்டும், வெளியே வந்துவிட வேண்டும். காவல்காரன் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அண்ணன் இதைப் பன்னிரண்டு வருஷமாக விளையாடுகிறார். விளையாடுவதைவிட மூலையில் ஒளிந்து உட்கார்ந்து காவல்காரர்களை வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம்.

“கல்யாணமான புதுசுல நான் எத்தன மணிக்கு எந்திரிக்கிறேன்னுகூட இவருக்குத் தெரியாது தம்பி,” என்பார் அக்கா. “அந்தக் காவக்காரன் எப்பக் கொட்டாவி விடுவான்னு கேளு, கரெக்டாச் சொல்லுவாரு.”

“நாப்பது செகண்டுக்கு ஒருக்கா,” என்பார் அண்ணன் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணனைப் பத்து நிமிஷ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். மீட்டிங் முடிந்தபோது வேலை இல்லை. அவரோடு இன்னும் நாற்பது பேர். லேப்டாப்பைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி அட்டைப்பெட்டி வந்தது. அது மடிப்புப் பிரிக்காமல் ஒரு வாரம் வாசலிலேயே கிடந்தது.

வேலை போனால் அறுபது நாள். அதற்குள் விசாவை ஏற்றுக்கொள்ளும் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். இந்தியக் கடையில் கொடுத்த முருகன் காலண்டரில் அக்கா எண்ணிப் பார்த்தார். அறுபதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. விரலால் மட்டும் தொட்டார்.

முதல் மாதம் அண்ணன் எழுபத்துமூன்று இடத்துக்கு அப்ளை பண்ணினார். டெஸ்டிங் ஆள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் பதிலே போடவில்லை. அப்போதுதான் டல்லஸுக்கு வடக்கே இருக்கும் ஒரு ஸ்டூடியோவிலிருந்து மெயில் வந்தது. கிரேலாட்ச்சின் ஐந்தாம் பாகத்தை அவர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். லெவல்களைச் சோதித்துக் கருத்துச் சொல்லும் வேலை. விசா மாற்றிக்கொள்வார்கள். இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்கள். நாலு பாகத்தின் எதிரிகளையும் கட்டட அமைப்பையும் ஒப்பிட வேண்டும். பக்கக் கட்டுப்பாடு இல்லை.

அண்ணன் மெயிலை இரண்டு தடவை படித்தார். “இதுக்குப் படிக்க வேண்டியதில்ல,” என்றார்.

இங்கிலீஷைத் திருத்துவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டெக்சஸில் மாஸ்டர்ஸ் முடித்தவன். இதை நான் எங்கேயும் சொல்லாமல் விட்டதில்லை, இங்கேயும் விடவில்லை. ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு, எனக்கு மேல் மாடியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போவேன். அண்ணன் தமிழும் இங்கிலீஷுமாகச் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுவேன்.

அவர் சொன்ன விஷயம் ஒன்றுதான், அதைத்தான் நாலு விதமாகச் சொன்னார். காவல்காரன் நம்மை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கிறான் என்பதுதான் அந்த இடத்தைக் கட்டுகிறது, சுவர்கள் இல்லை.

முதல் பாகத்தில் ஒரே ஒரு பழைய பங்களா, பதினொரு காவல்காரர்கள். மரத்தரையில் நடந்தால் கேட்கும், கம்பளத்தில் நடந்தால் கேட்காது. ஒரு தடவை நம் சத்தம் அவன் காதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் பழைய ஆள் இல்லை. விடியும்வரை விளக்கைக் கையிலேயே வைத்திருப்பான். அதனால் அந்தப் பங்களாவில் ஒவ்வொரு அறைக்கும் மூன்று வாசல் வைத்தார்கள். ஒரு வழியைக் கெடுத்துக்கொண்டவன் போக இன்னொரு வழி வேண்டுமே.

இரண்டாம் பாகம் துறைமுகம். அங்கே இரண்டு இரண்டு பேராக நடப்பார்கள். ஒருத்தனைக் காணோம் என்றால் மற்றவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் வராவிட்டால் தேட ஆரம்பிப்பான். ஷிஃப்ட் மாறினால் மறந்துவிடுவான். அதனால் அங்கே உயரத்தில் கயிறும் சட்டமும் நிறைய. மணி அடிக்கும்வரை மேலே தொங்கிக்கொண்டு காத்திருக்கலாம். நாலாம் பாகம் ஒரு முழு ஊர். காவல்காரர்கள் ஐம்பதுக்கு மேல், முகம் என்னவோ ஆறேழுதான். ஒரு ஜன்னலை இரண்டு தடவை பயன்படுத்தினால் மூன்றாம் தடவை பூட்டியிருப்பார்கள். அது நல்ல யோசனை. ஆனால் ஊரில் ஆயிரம் ஜன்னல் இருக்கும்போது ஒன்றைப் பூட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார் அண்ணன்.

மூன்றாம் பாகத்துக்கு வந்தபோது எழுந்து நடந்துகொண்டே சொன்னார்.

அதுதான் அதிகம் விற்ற பாகம். கண்ணாடிக் கட்டடம். காவல்காரர்கள் அண்ணாந்தே பார்க்க மாட்டார்கள். நம்மைப் பார்த்தாலும் இருபது நொடியில் மறந்துவிட்டு, எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்கள். இடுப்பு உயரப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே இங்கே ஆள் வருவான் என்று தெரிந்துவிடும்.

“அப்பா, தோஸ் கார்ட்ஸ் ஆர் ஸோ டம்ப்,” என்றாள் வெண்பா, ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அது தப்பு,” என்றார் அண்ணன். “அவன் முட்டாள் இல்ல கண்ணு. அந்த ரூமப் பாரு. உள்ள வர ஒரு கதவு, வெளிய போக ஒரு கதவு. இவன் இருபது செகண்டுக்கு மேல ஞாபகம் வச்சிருந்தான்னா விளையாடுறவன் அந்த ரூம விட்டு நகரவே முடியாது. ரூம் சின்னதாப் போனதால அவனுக்கு மறதியக் குடுத்துட்டாங்க. குறை காவக்காரன்கிட்ட இல்ல, கட்டுனவங்ககிட்ட.”

இதற்கு ஆறு பக்கம் வந்தது. எந்த அறையில் எங்கே இரண்டாவது கதவு வைத்திருக்கலாம் என்று பதினான்கு அறைகளுக்கும் படம் வரைந்தார். வைத்தால் காவல்காரன் எத்தனை நொடி தேடலாம் என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எழுதினார். அந்த ஆறு பக்கத்தில் நான் இங்கிலீஷைத் திருத்த வேண்டியிருக்கவே இல்லை.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். இன்டர்வியூ செய்யப்போகிறவர்களின் பெயர்கள் மெயிலில் இருந்தன. அதில் வால்டர் என்று ஒருவர். மூன்றாம் பாகத்தை முடித்தால் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தேன். லெவல் அமைப்பின் தலைவர் என்று அவர் பெயர்தான் முதலில் வந்தது. பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது போல மேலே ஓடினேன்.

“அந்த ஆறு பக்கத்த எடுத்துருங்ணா,” என்றேன்.

“அதத்தானே தம்பி அவங்க கேட்டாங்க?”

“கேப்பாங்க. அதுக்காக ஒரு பெரிய மனுஷன் மூஞ்சிக்கு நேரா, நீ கட்டுன வீடு கோணல்னு சொல்லுவீங்களா?”

“கோணல்னு சொல்லல. ஏன் கோணலாச்சுன்னு சொல்றேன்.”

“அவரு காதுல கோணல்ங்கிறது மட்டுந்தான் விழும்.”

சாந்தி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “தம்பி சொல்றது சரிங்க. போன கம்பெனியில மேனேஜர் செஞ்சத தப்பு தப்புன்னு இந்த வாய்தான சொல்லுச்சு. நாப்பது பேருல உங்க பேரு எப்படி வந்துச்சுன்னு நெனக்கிறீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக என் அப்பா தாலுகா ஆபீஸில் மூன்று நாள் நின்றார். தப்பு அவர்கள் பேரில்தான், மனுவைத் தொலைத்துவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துக் கிடைத்தது. கவுன்சிலிங்குக்கு அதோடு போனேன். வாயைத் திறந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே இல்லை.

“அது சரிதான்,” என்றார் அண்ணன். அவர் வளர்ந்த விதமும் அதுதான். ஆறு பக்கத்தையும் நானே தேர்வுசெய்து அழித்தேன். மூன்றாம் பாகத்துக்கு ஒரு பத்தி மட்டும் வைத்தோம். அது எல்லோரும் ரசித்த பாகம் என்று எழுதியது நான்.

கட்டுரை பிடித்திருந்தது என்று மறுவாரமே பதில் வந்தது. நாற்பத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோ இன்டர்வியூ. அவர்கள் வீட்டுக்கு மேலே மூன்று பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் என் வீட்டில் வைத்துக்கொண்டோம். சட்டையை அக்கா அயர்ன் பண்ணிக் கொடுத்திருந்தார். நான் அடுப்படி மேடையில் என் ஆபீஸ் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கேமராவில் நான் விழ மாட்டேன். அண்ணன் முகம் எனக்குத் தெரியும்.

திரையில் மூன்று பேர். இரண்டு பேர் இளவயது. வால்டருக்கு அறுபது இருக்கும், தாடியெல்லாம் நரைத்திருந்தது. முதல் அரை மணி நன்றாகப் போனது. பங்களாவின் மரத்தரையைப் பற்றி அண்ணன் சொன்னபோது அந்த இளம்பெண் ஏதோ எழுதிக்கொண்டாள். துறைமுகத்துக் காவல்காரன் பேர் சொல்லிக் கூப்பிடுவதைச் சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிறகு வால்டர் கேட்டார். உங்கள் கட்டுரையில் மற்ற மூன்றுக்கும் நான்கைந்து பக்கம் இருக்கிறது, என்னுடையதற்கு ஒரு பத்திதான். என்னுடையதில் என்ன குறை?

அண்ணன், அது நிறைய விற்ற பாகம் என்றார்.

விற்றது எனக்கும் தெரியும், என்றார் வால்டர். அதில் ஏதோ சரியில்லை என்று பத்து வருஷமாகத் தோன்றுகிறது. என்னவென்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்து அடுப்படிப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் திரையைப் பார்த்துத் திரும்பினார். “நத்திங், சார்,” என்றார். “இட்ஸ் எ க்ளாசிக்.”

வால்டர் நன்றி சொன்னார். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரும் இன்னும் பத்து நிமிஷம் பேசினார்கள், எப்போது சேர முடியும், டீமில் எத்தனை பேர் என்கிற மாதிரி. திரை அணைந்ததும் அண்ணன் லேப்டாப்பை மூடினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

“நல்லாத்தானுங்ணா போச்சு?”

“ம்,” என்றார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு மேலே போனார்.

நாற்பத்தொன்பதாம் நாள் மெயில் வந்தது. தொடரைப் பற்றி அவருக்கு இருக்கும் அறிவு ஆழமானது, ஆனால் தனக்கென்று ஒரு கருத்து இருப்பதாகத் தெரியவில்லை, இந்த வேலைக்கு அது முக்கியம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் எனக்குப் படித்துக் காட்டினார். நான் திருத்திக் கொடுத்த கட்டுரையைப் படித்தது போலத்தான் படித்தார், குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

“அந்த ஆறு பக்கம் என்கிட்ட பழைய காப்பியில இருக்குதுங்ணா. இப்ப அனுப்புவமா?”

“குறையே இல்லன்னு மூஞ்சியப் பாத்துச் சொன்னவன், நாலு நாள் கழிச்சு ஆறு பக்கம் குறை எழுதி அனுப்புனா அவரு என்ன நெனப்பாரு?” என்றார். “விடு தம்பி.”

சாந்தி அக்கா தோசை ஊற்றிக்கொண்டே, “அப்படி என்னதான் கேட்டாங்க அவங்க?” என்றார்.

“பொதுவாத்தான் கேட்டாங்க.”

“பொதுவான்னா?”

“எல்லாத்தப் பத்தியும்.”

அக்கா என் தட்டில் இன்னொரு தோசை போட்டார். நான் அடுப்படியில் நின்றதையோ, தலையாட்டியதையோ அண்ணன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, தோசையைச் சாப்பிட்டேன். சட்னியில் உப்புக் குறைவாக இருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

மீதி நாட்கள் சாமான்களுக்குப் போயின. சோபாவை இரண்டாவது பில்டிங்கில் புதிதாக வந்த ஒரு தம்பதி எடுத்துக்கொண்டார்கள். கட்டிலுக்கு ஆள் வரவில்லை, குப்பைத்தொட்டி ஓரம் வைத்தோம். வெண்பாவின் வகுப்பில் ஒரு பெரிய அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது பெட்டிக்குள் போகவில்லை, மடித்தால் போகும். மடிக்கக் கூடாது என்றாள். கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஐம்பத்தெட்டாம் நாள், புதன்கிழமை, ஏர்போர்ட்டுக்கு நான்தான் ட்ரைவ் பண்ணினேன். ஃப்ரீவேயில் ஒரு இடத்தில் வேலை நடந்ததால் மெதுவாகப் போனோம். இறங்கி எட்டுப் பெட்டியைத் தள்ளுவண்டியில் அடுக்கியபோது, “விசாவுக்கு நீ இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லல்ல?” என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். “முகிலன் அங்கிள், பை,” என்றாள் வெண்பா. அக்கா, எனக்கு விட்டுவிட்டுப் போகும் ரைஸ் குக்கரின் மூடி கொஞ்சம் லூஸ், பார்த்துத் திற என்றார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனிடம் போனில் சொன்னேன். அன்றைக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது என்றேன். அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எங்கேயோ ரோட்டில் நின்றிருந்தார்.

“நீ ஆட்டலன்னாலும் நான் அதேதான் சொல்லியிருப்பேன்,” என்றார்.

அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவராக இருந்தால் என் பக்கம் திரும்பியிருக்க மாட்டார் என்று சில நாள் தோன்றும். என் முகத்தில் சொல்லுங்கள் என்று இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றும். அந்த ஆறு பக்கம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு இனி ஒரு உபயோகமும் இல்லை.

மயில்சாமி அண்ணன் இப்போது கோயம்புத்தூரில், சரவணம்பட்டியில் ஒரு இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருக்கிறார். மத்தியானம் ஒரு மணிக்குப் போய் இரவு பத்துக்கு வருகிறார். சாந்தி அக்காவுக்கு அந்தத் தெருவிலேயே ஒரு ப்ளே ஸ்கூலில் வேலை. வெண்பா ஐந்தாவது படிக்கிறாள், தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் ட்யூஷன் போகிறாள்.